ப்ளூ ஸ்கிரீன், கரப்ட் ஆன ஜிப், பாதி சாம்பலான ஃபோட்டோ: ஃபார்மேட் அடிக்கிறதுக்கு முன்னாடி ரேமை டெஸ்ட் பண்ணுங்க

சிஸ்டம் அடிக்கடி ஹேங் ஆகுதுன்னு யாருகிட்ட சொன்னாலும் முதல்ல வர்ற பதில் ஃபார்மேட் தான். எங்க வீட்டு சிஸ்டத்துக்கு மூணு தடவ ஃபார்மேட் அடிச்சாங்க, அப்புறம் ஹார்ட் டிஸ்க்கையே மாத்தினாங்க, எல்லாம் முடிஞ்சு கடைசில நானே ஒரு ராத்திரி டெஸ்ட் ஓட்டிப் பாத்தா ரெண்டு 8 ஜிபி ரேம்ல ஒண்ணுல ஒரு சின்ன இடம் செத்துப் போயிருந்துச்சு. காசு போனது கூட பரவால்ல. அந்த ஆறு மாசத்துல கேமரா கார்டுலேர்ந்து காப்பி பண்ணின அக்கா பொண்ணோட காதுகுத்து ஃபோட்டோல பதினஞ்சு இருபது ஃபோட்டோ மேல் பாதி நல்லா இருக்கு, கீழ் பாதி சாம்பல் கலர்ல இருக்கு, காப்பி ஆயிடுச்சேன்னு கார்டையும் அழிச்சாச்சு. அதுக்கப்புறம் தான் இத உக்காந்து கத்துக்கிட்டேன், வேற யாருக்கும் அப்படி ஆகக்கூடாதுன்னு தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

விஷயம் என்னன்னா, நீங்க ஒரு ஃபைலை காப்பி பண்ணும்போது அது முதல்ல ரேமுக்கு வந்து அங்கேர்ந்து தான் டிஸ்க்குக்குப் போகுது. நடுவுல ஒரு பிட் 1 இருக்க வேண்டிய இடத்துல 0 ஆயிட்டா அந்த தப்பு அப்படியே டிஸ்க்ல எழுதப்பட்டுடும், எந்த எரர் மெசேஜும் வராது, ஏன்னா நம்ம வீட்டு சிஸ்டத்துல இருக்கிற சாதா ரேமுக்கு தப்பு நடந்துச்சுன்னு சிஸ்டத்துக்கு சொல்ற வழியே கிடையாது (சர்வர்ல போடுற ஈசிசி ரேமுக்கு தான் அது உண்டு). இப்ப யோசிச்சுப் பாருங்க, அப்படி ஒரு ரேமை வச்சுக்கிட்டே விண்டோஸ புதுசா போட்டா புது விண்டோஸ் ஃபைலும் சேர்ந்து தான் கெட்டுப் போகும். அதனால தான் ரெண்டு வாரம் நல்லா ஓடிட்டு மறுபடி அதே பிரச்சினை வரும்.

"ஏதோ ஒரு தடவ பிட் மாறியிருக்கும், விடு"ன்னு சிலர் சொல்வாங்க. கூகுள் சர்வர்கள்ல ரெண்டரை வருஷம் கணக்கெடுத்து 2009ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல வருஷத்துக்கு 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ரேம்கள்ல ஒரு தடவையாவது எரர் வந்திருக்கு, அதுலயும் பெரும்பாலானது ஆகாயத்துலேர்ந்து வந்த கதிரால தற்செயலா ஆனது இல்ல, ரேம்லயே இருக்கிற நிரந்தரக் கோளாறுன்னு தான் முடிவு சொன்னாங்க. அதாவது ஒரு தடவ எரர் வந்த ரேம் திரும்பவும் எரர் காட்ட வாய்ப்பு நிறைய.

ஆகவே கீழ இருக்கிறதுல எது உங்க சிஸ்டத்துக்குப் பொருந்துதோ அதப் பாருங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை: சந்தேகம் வந்த நிமிஷத்துலேர்ந்து அந்த சிஸ்டத்துல முக்கியமான எதையும் காப்பி பண்ணாதீங்க, சேவ் பண்ணாதீங்க, பேக்கப் கூட அதுல எடுக்காதீங்க. அவசரம்னா டிஸ்க்கை கழட்டி வேற சிஸ்டத்துல மாட்டி எடுங்க.

ப்ளூ ஸ்கிரீன் வருது, ஒவ்வொரு தடவையும் வேற வேற பேர்ல

இது தான் பெரிய அடையாளம். ஒரே பேரு, ஒரே டிரைவர் ஃபைல் பேரு திரும்பத் திரும்ப வந்தா அது பெரும்பாலும் டிரைவர் பிரச்சினை, கிராபிக்ஸ் டிரைவரையோ வைஃபை டிரைவரையோ மாத்திப் பாருங்க. ஆனா இன்னைக்கு "மெமரி மேனேஜ்மென்ட்", நாளைக்கு "பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா", அடுத்த நாள் "ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்", அதுக்கு அடுத்து "பிஎஃப்என் லிஸ்ட் கரப்ட்"னு மாறி மாறி வந்தா ரேமைத் தான் முதல்ல பிடிக்கணும். கெட்ட இடத்துல இன்னைக்கு பிரவுசர் உக்காந்திருக்கும், நாளைக்கு கெர்னல் (விண்டோஸோட அடித்தளம்) உக்காந்திருக்கும், யாரு உக்காந்தாங்களோ அவங்க தலையில பழி விழும். பிரவுசர் டேப் மட்டும் அடிக்கடி செத்துப் போறது, கேம் திடீர்னு டெஸ்க்டாப்புக்கு வந்துடறது இதெல்லாமும் இதே கதை தான். லினக்ஸ்ல இருக்கிறவங்களுக்கு, பெரிய கோடை கம்பைல் பண்ணும்போது செக்மென்டேஷன் ஃபால்ட் ஒவ்வொரு தடவையும் வேற வேற ஃபைல்ல வந்தா அதுவும் ரேம் சந்தேகம் தான், கோடுல தப்புன்னா எப்பவும் ஒரே இடத்துல தான் நிக்கும்.

இங்க டெஸ்ட் எப்படி ஓட்டறதுன்னு முழுசா சொல்லிடறேன், மத்த எல்லாத்துக்கும் இதுக்குத் தான் திரும்பி வரணும்.

விண்டோஸ்லயே ஒண்ணு இருக்கு, ஸ்டார்ட் மெனுவுல "மெமரி டயக்னோஸ்டிக்"னு தேடினா வரும், ரீஸ்டார்ட் ஆகி நீலக் கலர் திரையில ஓடும். அதுல எஃப்1 அமுக்கினா பேசிக், ஸ்டாண்டர்டு, எக்ஸ்டெண்டடுன்னு மூணு இருக்கும், எக்ஸ்டெண்டட் வச்சு ஓட்டுங்க. ரிசல்ட் சில நேரம் கண்ணுல படாம போயிடும், அப்ப ஈவன்ட் வியூவர்ல விண்டோஸ் லாக்ஸ், அதுக்குள்ள சிஸ்டம்னு போயி "மெமரி டயக்னோஸ்டிக்ஸ் ரிசல்ட்ஸ்"னு தேடுங்க. இது எரர் காட்டினா நம்பலாம். எரர் இல்லன்னு சொன்னா நம்பாதீங்க. என் ரேம் இதுல ஸ்டாண்டர்டுல ரெண்டு தடவ பாஸ் ஆச்சு, அதை நம்பித் தான் நாங்க ஹார்ட் டிஸ்க் வாங்கினோம்.

சரியான வேலை மெம்டெஸ்ட் தான். இதுல ரெண்டு இருக்கு, பேரு ஒரே மாதிரி இருக்கிறதால குழப்பம் வரும். மெம்டெஸ்ட்86 அப்படிங்கிறது கிறிஸ் பிரேடி 1994ல எழுதினது, இப்ப பாஸ்மார்க் கம்பெனி நடத்துது, இலவச வெர்ஷன்ல 4 பாஸ் (எல்லா டெஸ்ட்டும் ஒரு சுத்து முடிஞ்சா ஒரு பாஸ்) வரைக்கும் ஓடும். மெம்டெஸ்ட்86 பிளஸ் அதுலேர்ந்து பிரிஞ்சு வந்த ஓப்பன் சோர்ஸ், 2022ல புதுசா எழுதி 6.00 வெர்ஷனா வந்ததுலேர்ந்து புது யூஇஎஃப்ஐ சிஸ்டத்துலயும் டிடிஆர்5ங்கிற புதுத் தலைமுறை ரேம்லயும் நல்லா ஓடுது, நிறுத்தற வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும். எது வேணாலும் எடுத்துக்கங்க. டவுன்லோடு பண்ணி பென்டிரைவ்ல ஏத்தறத மட்டும் வேற நல்ல சிஸ்டத்துல பண்ணுங்க, பென்டிரைவ்ல இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடும்ங்கிறதையும் மறந்துடாதீங்க.

பென்டிரைவ்லேர்ந்து பூட் ஆகலன்னா செக்யூர் பூட் (தெரியாத ப்ரோகிராமை பூட் ஆக விடாத பாதுகாப்பு) தடுத்துக்கிட்டிருக்கும், பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கிற செட்டிங் திரை) போயி ஆஃப் பண்ணணும். ஆனா லேப்டாப்ல பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) ஆன்ல இருந்தா செக்யூர் பூட்டைத் தொட்டதும் அடுத்த தடவ விண்டோஸ் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும், அந்தக் கீ கைல இல்லன்னா உள்ள இருக்கிற எல்லாமே போன மாதிரி தான். அதனால முதல்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல போயி கீயை எழுதி வச்சுக்கங்க, அப்புறம் பயாஸ் பக்கம் போங்க. மெம்டெஸ்ட்86க்கு செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணாமலே ஓடற வசதி இருக்கு, லேப்டாப்காரங்க அதையே எடுங்க.

எவ்ளோ நேரம் ஓட்டணும்? பத்து நிமிஷம் ஓட்டிட்டு எரர் இல்லன்னு நிறுத்தறவங்க நிறைய பேரு. குறைஞ்சது நாலு பாஸ், ராத்திரி சாப்பிட்டுட்டு ஓட விட்டு காலைல வந்து பாருங்க, 16 ஜிபின்னாலே சில மணி நேரம் ஆகும், 32, 64ன்னா இன்னும் கூட. எரர் வந்தா முதல் பாஸ்லயே கூட வந்துடும், எனக்கு இருபது நிமிஷத்துல செவப்பு வரி வந்துடுச்சு. ஆனா சிலது சூடு ஏறினா தான் காட்டும், அதுக்குத் தான் ராத்திரி முழுக்க.

எத்தன எரர் வரலாம்? ஒண்ணு கூட வரக்கூடாது. "ஒரே ஒரு எரர் தானே, ஓட்டிக்கலாம்"னு கடையில சொன்னா கேட்காதீங்க. ஒரே ஒரு விலக்கு, மெம்டெஸ்ட்86ல டெஸ்ட் 13னு ஹேமர் டெஸ்ட் இருக்கு, அது பக்கத்து வரிசையை வேகமா திரும்பத் திரும்பத் தொட்டு நடுவுல இருக்கிற வரிசை கலையுதான்னு பாக்கும். மத்த எல்லாம் சுத்தமா பாஸ் ஆகி அதுல மட்டும் எரர் வந்தா தினசரி உபயோகத்துல அது தட்டுப்படாமலே போகலாம். வாரண்டி இருந்தா நான் மாத்திக்கத் தான் சொல்வேன்.

எரர் வந்தாச்சு, இப்ப எது கெட்டது?

ரேம் தான்னு உடனே முடிவு கட்டாதீங்க. ஸ்லாட்டா இருக்கலாம், பிராசஸருக்குள்ள இருக்கிற மெமரி கன்ட்ரோலரா இருக்கலாம். முதல்ல பயாஸ்ல எக்ஸ்எம்பி (ரேமை வேகமா ஓட்டற செட்டிங், ஏஎம்டின்னா எக்ஸ்போ, டிஓசிபின்னும் போட்டிருக்கும்) ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஓட்டுங்க. அதுல எரர் போயிடுச்சுன்னா கீழ "கேம் ஆடும்போது மட்டும்"ங்கிற பகுதிக்குப் போங்க. போகலன்னா சிஸ்டத்தை ஆஃப் பண்ணி, பவர் கார்டை உருவிட்டு, பவர் பட்டனை பத்து செகண்ட் அமுக்கிப் பிடிச்சு மிச்சக் கரண்டைப் போக்கிட்டு, கேபினெட்டோட பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுட்டு ரேமைக் கழட்டுங்க.

ஒரு ரேம் மட்டும், ஒரு ஸ்லாட் மட்டும், அது தான் முறை. நாலு ஸ்லாட் இருக்கிற போர்டுல ஒரே ரேம் போட பெரும்பாலும் பிராசஸர்லேர்ந்து எண்ணினா ரெண்டாவது ஸ்லாட், ஏ2ன்னு போர்டுல போட்டிருக்கும். முதல் ரேமை அதுல போட்டு டெஸ்ட், அடுத்து அதே ஸ்லாட்ல ரெண்டாவது ரேமைப் போட்டு டெஸ்ட். ஒண்ணு பாஸ், ஒண்ணு ஃபெயில்னா ஃபெயில் ஆனத இன்னொரு ஸ்லாட்ல போட்டுப் பாருங்க, எரர் ரேம் கூடவே போனா ரேம் தான் கெட்டது. ரேமை மாத்தினாலும் எரர் அதே ஸ்லாட்லயே நின்னா ஸ்லாட்டு, இல்ல பிராசஸர் சாக்கெட்ல பின் வளைஞ்சிருக்கும், பிராசஸர் கூலரை ஒரு பக்கமா இறுக்கியிருந்தா கூட இப்படி வரும். எல்லா ரேமும் எல்லா ஸ்லாட்லயும் எரர் காட்டினா ரெண்டு ரேமும் ஒரே நாள்ல கெட்டுப்போகாதுல்ல, போர்டு, பிராசஸர், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) பக்கம் பாருங்க.

எரர் வரியையும் கொஞ்சம் படிங்க. அட்ரஸ்னு ஒரு நம்பர் இருக்கும், ஒவ்வொரு பாஸ்லயும் அதே அட்ரஸ், அதே பிட் தப்பா வந்தா ரேமுக்குள்ள ஒரு பிட்டை வச்சிருக்கிற ஒரு செல் செத்துப்போச்சுன்னு அர்த்தம், இது மாத்தினா தான் சரியாகும். ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல சிதறி வந்தா வோல்டேஜ், ஸ்பீடு, கான்டாக்ட் இதுல ஏதாவது இருக்க வாய்ப்பு அதிகம். திரையை செல்ஃபோன்ல ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சுக்கங்க, வாரண்டிக்கு அது தான் சாட்சி.

ஜிப் விரிக்கும்போது சிஆர்சி எரர், ஃபோட்டோ பாதி சாம்பல், இன்ஸ்டாலர் கரப்ட்னு சொல்லுது

சிஆர்சின்னா ஃபைல் கெட்டுப் போயிருக்கான்னு பாக்கற ஒரு கணக்கு. ப்ளூ ஸ்கிரீனை விட இது மோசம், ஏன்னா சிஸ்டம் நல்லா ஓடற மாதிரியே இருக்கும். சோதிச்சுப் பாக்க ஒரு சுலப வழி: உங்க ரேமை விடப் பெரிய ஃபைல் ஒண்ண எடுங்க, 16 ஜிபி ரேம்னா 20 ஜிபிக்கு மேல. அதோட ஷா256 மதிப்பை (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு நம்பர்) கமாண்ட் விண்டோவுல ரெண்டு மூணு தடவ எடுங்க. ஃபைல் மாறல, அப்ப நம்பரும் மாறக்கூடாது. மாறினா படிக்கிற வழியில எங்கயோ தப்பு நடக்குது. சின்ன ஃபைல்ல இத பண்ணாதீங்க, முதல் தடவ படிச்சது ரேம்லயே தங்கி அதையே திரும்பப் படிக்கும், நம்பர் ஒண்ணா தான் இருக்கும், அத வச்சு நல்லா இருக்குன்னு நினைச்சிடுவோம்.

ரேமா டிஸ்க்கான்னு பிரிக்க, கேபிள்ல மாட்டற சாட்டா டிஸ்க்கா இருந்தா, டிஸ்க் தன் நிலைமையைத் தானே குறிச்சு வைக்கிற ஸ்மார்ட் தகவல்ல 199னு ஒரு வரி இருக்கும், யூடிஎம்ஏ சிஆர்சி எரர் கவுன்ட். அந்த எண்ணிக்கை ஏறிக்கிட்டே போனா கேபிளை மாத்துங்க, சின்னச் செலவுல முடியும். அது ஏறல, ஸ்மார்ட்ல மத்ததும் சுத்தம்னா மெம்டெஸ்ட்.

பவர் வருது, ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல

டெஸ்ட் ஓட்டவே வழியில்லாத நிலைமை. சின்ன ஸ்பீக்கர் மாட்டியிருந்தா நீளமா விடாம பீப் பீப்னு கத்தும், புது போர்டுல டிராம்னு போட்ட குட்டி லைட் எரிஞ்சு நிக்கும். பெரும்பாலும் கான்டாக்ட் தான். ரேமைக் கழட்டி தங்கக் கலர் பட்டையைத் துடைச்சு திரும்பப் போட்டா பாதி சிஸ்டம் எந்திரிச்சுடும், தூசியும் ஈரக் காத்தும் சேர்ந்து அதுல படிஞ்சிருக்கும். நம்ம ஊர் மெக்கானிக் பென்சில் ரப்பர் வச்சுத் தேய்ப்பாங்க, அது வேலை செய்யும், ஆனா அழுத்தித் தேய்ச்சா பூச்சு போயிடும், தூளு ஸ்லாட்டுக்குள்ள விழும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல துணியை நனைச்சு துடைக்கிறது நல்லது, காய்ஞ்சப்புறம் போடுங்க. மாட்டும்போது ரெண்டு பக்கமும் கிளிக்னு சத்தம் வரணும், ஒரு பக்கம் மட்டும் லாக் இருக்கிற போர்டுல இன்னொரு முனை தூக்கிட்டு நிக்கிறது ரொம்ப சகஜம்.

அப்பவும் வரலன்னா ஒவ்வொரு ரேமா ஒவ்வொரு ஸ்லாட்டா மாத்திப் பாருங்க, சிமாஸ் பேட்டரியை அஞ்சு நிமிஷம் கழட்டி வச்சுப் போடுங்க. புதுசா அசெம்பிள் பண்ண டிடிஆர்5 சிஸ்டம்னா கொஞ்சம் பொறுமை, முதல் தடவ ஆன் பண்ணும்போது ரேமைப் பழக்கிக்கிறதுக்கே சில நிமிஷம் கருப்புத் திரையோட நிக்கும், செத்துப்போச்சுன்னு நினைச்சு நடுவுல ஆஃப் பண்ணிடாதீங்க.

கேம் ஆடும்போது, ரெண்டர் போடும்போது மட்டும்

3200, 3600னு பெட்டியில போட்டிருக்கிற ஸ்பீடு பெரும்பாலும் எக்ஸ்எம்பி போட்டா தான் வரும், அது ஓவர்கிளாக் (சாதா வேகத்தை விட ஏத்தி ஓட்டறது) மாதிரி தான். டிடிஆர்4க்கு சாதா வோல்டேஜ் 1.2, எக்ஸ்எம்பி போட்டா பல கிட் 1.35க்கு ஏறும். அது போட்டா எரர், ஆஃப் பண்ணா இல்லன்னா ரேம் கெட்டுப் போயிருக்கணும்னு இல்ல, பிராசஸராலயோ போர்டாலயோ அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியல. பயாஸ் அப்டேட் பண்ணுங்க, ஸ்பீடை ஒரு படி இறக்குங்க, 3600க்கு பதிலா 3200. கேம்ல அந்த வித்தியாசத்தை விட நிம்மதி பெருசு.

நாலு ஸ்லாட்டையும் நிரப்பினவங்களுக்கு இது அதிகமா வரும். ரைசன் 7000 பிராசஸருக்கு ஏஎம்டி சொல்ற கணக்கே ரெண்டு ரேம் போட்டா 5200, நாலு போட்டா 3600 தான். இருக்கிற ரேம் கூட வேற பிராண்டு ரேம் ஒண்ணு வாங்கிச் சேர்த்ததுலேர்ந்து பிரச்சினைன்னாலும் இதே தான், தனித்தனியா ரெண்டும் பாஸ் ஆகும், சேர்த்துப் போட்டா ஃபெயில் ஆகும். அதனால கடைசி டெஸ்ட் எப்பவும் எல்லா ரேமையும் மாட்டி நீங்க தினம் ஓட்டற செட்டிங்ல ஓட்டுங்க.

16 போட்டேன், 8 தான் காட்டுது

ஒண்ணு சரியா உக்காரல, இல்ல ஸ்லாட் பிரச்சினை. பயாஸ்ல 16 காட்டி விண்டோஸ்ல மட்டும் குறைஞ்சா எம்எஸ்கான்ஃபிக்ல (விண்டோஸோட பூட் செட்டிங் ப்ரோகிராம்) பூட் அட்வான்ஸ்டுல மேக்சிமம் மெமரின்னு யாராச்சும் டிக் பண்ணி வச்சிருக்காங்களான்னு பாருங்க. கொஞ்சூண்டு குறைஞ்சா, ஆன்போர்டு கிராபிக்ஸ் எடுத்துக்கிட்டது, அது கோளாறு இல்ல.

லேப்டாப்ல ரேம் போர்டோட ஒட்டியிருக்கு

கழட்டி மாத்த வழியில்ல. வாரண்டி இருந்தா போர்டை மாத்தச் சொல்லுங்க. இல்லன்னா, எரர் எப்பவும் ஒரே அட்ரஸ்ல தான் வருதுன்னா அந்த இடத்தைத் தொடாதேன்னு ஓஎஸ்கிட்ட சொல்ல முடியும், விண்டோஸ்ல பேட் மெமரி லிஸ்ட்டுன்னு பூட் செட்டிங்ல இருக்கு, லினக்ஸ்ல கிரப்ங்கிற பூட் ப்ரோகிராம்ல பேட்ரேம்னு இருக்கு. விண்டோஸ்ல முழு அட்ரஸைக் கொடுக்கக்கூடாது, கடைசி மூணு ஹெக்ஸ் இலக்கத்தை வெட்டிட்டுக் கொடுக்கணும், அது பேஜோட (ரேமை விண்டோஸ் பிரிச்சு வச்சிருக்கிற சின்ன துண்டு) நம்பரைக் கேக்குது. இது தற்காலிகம் தான், பக்கத்து செல்லும் பின்னாடி போகலாம், மாசத்துக்கு ஒரு தடவ டெஸ்ட் ஓட்டுங்க.

ராத்திரி முழுக்க பாஸ், ஆனா பிரச்சினை அப்படியே

அப்ப ரேமை விட்டுடுங்க. திடீர்னு ப்ளூ ஸ்கிரீனே இல்லாம ரீஸ்டார்ட் ஆனா எஸ்எம்பிஎஸ்ஸை மாத்திப் பாருங்க. இன்டெல் 13, 14வது தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் வச்சிருந்தா கேம்ல "அவுட் ஆஃப் வீடியோ மெமரி"ன்னும், இன்ஸ்டால் பண்ணும்போது விரிக்க முடியலன்னும் வரும், பாத்தா ரேம் கெட்ட மாதிரியே இருக்கும். அது பிராசஸர் கோளாறுன்னு 2024ல இன்டெல்லே ஒத்துக்கிட்டு பயாஸ் அப்டேட் கொடுத்தாங்க, வாரண்டியையும் ரெண்டு வருஷம் நீட்டினாங்க. பயாஸ் அப்டேட் இனிமே கெடாம இருக்கத் தான், ஏற்கனவே கெட்ட சிப்பை அது சரி பண்ணாது, மாத்தித் தான் வாங்கணும்.

ரேம் மாத்தினப்புறம்

ரேமுக்கு நிறைய பிராண்டு பல வருஷ வாரண்டி கொடுக்கிறாங்க, பில்லைத் தேடுங்க. ஜோடியா வாங்கின கிட்னா ரெண்டையும் சேர்த்தே அனுப்பணும்னு கேப்பாங்க. புதுசா வந்த ரேமையும் ஒரு ராத்திரி டெஸ்ட் ஓட்டுங்க, எனக்கு வாரண்டில வந்த முதல் ரேமே ஃபெயில் ஆச்சு, ரெண்டாவது தான் சுத்தமா இருந்துச்சு. அதுக்கப்புறம் தான் விண்டோஸை ஃபார்மேட் அடிச்சுப் போடணும், அந்த ஃபார்மேட்டுக்கு தான் அர்த்தம் இருக்கு.

அப்புறம், ரேம் கெட்டிருந்த காலத்துல காப்பி பண்ணினதையெல்லாம் திறந்து பாருங்க, ஃபோட்டோவை சின்னதா காட்டற தம்ப்நெயிலை நம்பாதீங்க, அது ஃபைலுக்குள்ள தனியா இருக்கு, ஃபோட்டோ கெட்டாலும் அது நல்லா தெரியும். முழுசா திறக்கணும். மூலம் இன்னும் செல்லுலயோ கார்டுலயோ யாருக்காச்சும் வாட்ஸ்அப்ல அனுப்பினதுலயோ இருக்கான்னு உடனே கேளுங்க, நாள் ஆக ஆக அவங்களும் அழிச்சிடுவாங்க. எங்களுக்கு மாமா செல்லுலேர்ந்து ஆறு ஃபோட்டோ கிடைச்சுது, அதுல ஒண்ணு பாப்பா மடியில உக்காந்து காதுகுத்தற படம்.